தையல் திருகினால் யாரைக் கேட்பது?

திருப்பூர் பனியன் தொழில் தன் உள்வேலையைப் புரிந்துகொண்ட கதை

துவைத்து எடுத்த டி-ஷர்ட்டை மேஜைமேல் விரித்துப் போட்டுப் பார்க்கிறார், சரக்கை வாங்கும் பையர் அனுப்பிய குவாலிட்டி ஆள். விலாப்பக்கம் நேராக இறங்க வேண்டிய தையல் திரும்பி வயிற்றுப் பக்கம் வந்து நிற்கிறது. இன்னும் நாலு பீஸ் துவைத்துப் பார்க்கிறார், எல்லாம் அப்படியே. மீதிச் சரக்கு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, கப்பல் தேதியும் நெருங்கிவிட்டது. கம்பெனியில் முதல் கூப்பாடு தையல் லைன் சூப்பர்வைசருக்குத்தான். தையல் திருகியிருக்கிறது என்றால் தைத்தவர் தப்பு என்பதுதான் அந்த நேரத்துக் கணக்கு.

திருப்பூரில் பல வருஷம் துணியோடு புழங்கியவர்கள் தைத்தவரைக் கூப்பிட மாட்டார்கள். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்த மில் நூல் என்று கேட்பார்கள். ஒற்றை இழைப் பருத்தி நூலில் முறுக்கு இருக்கிறது. அந்த முறுக்கு பிரிந்து தளரத்தான் எப்போதும் பார்க்கும். வட்டப் பின்னல் மெஷினில் ஒரே சுற்றுக்குள் பல இழைகள் சேர்ந்து ஏறுகின்றன. 30 அங்குல விட்டமுள்ள மெஷினில் 90 இழை ஏறுவது சாதாரணம். இழை கூடக் கூட உற்பத்தி கூடும், கண்ணி வரிசையின் சாய்வும் கூடும். சாயம் ஏறி, காய்ந்து வந்த துணியை காம்பாக்டிங் மெஷின் அமுக்கி நேராக்கிக் கொடுத்துவிடும். அப்போது பார்த்தால் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துணியைப் பிரித்துப் போட்டு, இழுவிசை போகும்வரை ஆறவிட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் அது சூடு ஆறுவதற்குள் கட்டிங் டேபிளுக்கு வந்துவிடுகிறது. நேராக வெட்டி, நேராகத் தைத்து, நேராக மடித்து வைக்கிறார்கள். முதல் துவையலில் துணி தன் சுபாவத்துக்குத் திரும்புகிறது. தையலும் அதோடு போகிறது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தால், "நம்ம பக்கம் தப்பு இல்லீங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். கொள்முதல் ஆள் விலை குறைவான நூலைப் பிடித்துக் கொடுத்தார். நிட்டிங்கில் ஷிப்டுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கைத் தாண்டிக் காட்டினார்கள். காம்பாக்டிங்கில் கேட்ட துணி எடை (ஜிஎஸ்எம்) அப்படியே வந்தது. கட்டிங் மாஸ்டர் சொன்ன தேதிக்கு வெட்டினார். அவரவர் தாளில் எல்லாம் சரி. பெட்டிக்குள் இருக்கும் சரக்கு மட்டும் தேறாது.

ஒரு தொழிலை நடத்துகிறவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஒரு தையலே போதுமான பதில் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு செய்தது என்ற கணக்கு தேவைதான். அதற்கு முன்னால், அந்தப் பிரிவின் வேலை உள்ளே எப்படி நடக்கிறது, அது எதை வாங்கிக்கொள்கிறது, எதை அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கிறது, அதன் விளைவு எத்தனை நாள் கழித்து எங்கே தெரியும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவரால்தான் வெளியுலகம் மாறும்போது கம்பெனியையும் மாற்ற முடிகிறது. தெரியாதவர் மேலேயிருந்து போடும் ஒவ்வொரு உத்தரவும் தொல்லையை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

தாமதம் செய்யும் வேலை

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஜே ஃபாரெஸ்டர். 1950-களின் பின்பாதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அவரிடம் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. கென்டக்கி மாநிலத்தில் அதன் வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகளில் சில காலம் மூன்று ஷிப்ட், ஓவர்டைம் என்று வேலை பறக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். சந்தை ஏறி இறங்குகிறது, நாம் என்ன செய்ய முடியும் என்பது நிர்வாகத்தின் விளக்கம். ஃபாரெஸ்டர் அவர்கள் எப்படி ஆள் எடுக்கிறார்கள், எவ்வளவு சரக்கு கையிருப்பு வைக்கிறார்கள், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஏறாமல் இறங்காமல் இருந்தாலும்கூட, இந்த முடிவெடுக்கும் முறையே வேலையாட்கள் எண்ணிக்கையை ஏற்றி இறக்கிவிடும் என்று தெரிந்தது. கோளாறு உள்ளேயே இருந்தது. முடிவுக்கும் விளைவுக்கும் நடுவில் கிடந்த தாமதத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1961-ல் வெளிவந்த அவருடைய 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' புத்தகம் இந்த வகை ஆய்விலிருந்து வளர்ந்ததுதான்.

பனியன் தொழிலில் இந்தத் தாமதம் தினசரிப் பாடம். பையரோடு விலை பேசி முடிக்கும் நாளுக்கும், நூல் வாங்கும் நாளுக்கும், பணம் வந்து சேரும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கு ஓடுகிறது. 2021, 2022-ல் நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறியபோது, பழைய நூல் விலையில் ஒப்புக்கொண்ட ஆர்டர்களைப் புதிய விலை நூலில் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 மே 16, 17 தேதிகளில் திருப்பூரே கதவடைத்துப் போராடியது. அந்த நாட்களில் நூல் விலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஒரே விலையேற்றம் எல்லாக் கம்பெனியையும் ஒரே அளவு அடிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்டர் உறுதியான அன்றே நூலுக்குச் சொல்லிவைக்கும் கம்பெனிக்கு ஒரு வகை அடி. பையரிடம் சாம்பிள் ஒப்புதல் வாங்கவே ஆறு வாரம் இழுத்துவிட்டுப் பிறகு நூல் தேடிப் போன கம்பெனிக்கு வேறு வகை அடி. சாம்பிள் தாமதம் மெர்ச்சண்டைசிங் பிரிவின் விஷயமாகத் தெரியும்; அதன் நஷ்டம் கொள்முதல் பிரிவின் கணக்கில் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

வேலை தெரிந்த முதலாளிகள்

திருப்பூருக்கு இந்த அறிவு ஒருகாலத்தில் தானாகவே கிடைத்தது. கொங்கு நாட்டு விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளிலும் தையல் மெஷினிலும் உட்கார்ந்து, பிறகு நாலு மெஷின் போட்டு முதலாளி ஆனவர்கள் இந்த ஊரில் ஏராளம். இந்த மாற்றத்தைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004-ல் வந்த 'ஃப்ரட்டர்னல் கேபிடல்' விரிவான ஆய்வு. அந்த முதலாளிகளுக்கு ஒரு லைனில் எங்கே வேலை தேங்கும் என்று நடந்து போகும்போதே தெரியும். ஓவர்லாக் சத்தம் சீராக இல்லையென்றால் நின்று கேட்பார்கள். கணக்கு வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

இந்த ஊரின் அமைப்பும் அதற்கு இசைவாக இருந்தது. ஒரே கூரைக்குள் எல்லாவற்றையும் செய்யும் பெரிய கம்பெனிகள் உண்டு என்றாலும், தொழிலின் முதுகெலும்பு ஜாப் ஒர்க்தான். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரின்டிங் ஒருவர், எம்பிராய்டரி ஒருவர், பவர்டேபிள் வைத்துத் தைத்துக் கொடுப்பவர் இன்னொருவர். ஆர்டர் பெருகினால் பத்துப் பட்டறை சேர்ந்துகொள்ளும், சுருங்கினால் பிரிந்து வேறு வேலைக்குப் போகும். ஒரு பட்டறையில் மெஷின் படுத்தால் துணி மறுநாள் அடுத்த தெருவில் ஓடும். 1990-களிலும் அதற்குப் பின்னும் ஏற்றுமதி பெருகியதற்கு இந்த வளைந்துகொடுக்கும் தன்மை பெரிய காரணம்.

ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் இதே பலத்தைக் காட்டுகிறது. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி விடியுமுன் கரியா நகரில் ஐசின் தொழிற்சாலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறிய வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் உற்பத்தி வரிசைகள் அடுத்தடுத்து நின்றன. ஐசின் தன் வரைபடங்களை எடுத்துக் கொடுத்தது. அந்த வால்வைத் தொட்டே பார்த்திராத கம்பெனிகள், தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்பட, தங்களிடம் இருந்த கடைசல் மெஷின்களைத் திருத்தி வைத்துக்கொண்டு அதைச் செய்யத் தொடங்கின. விலை பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் கார்கள் திரும்பவும் வரத் தொடங்கிவிட்டன. அந்தக் கம்பெனிகள் வருஷக்கணக்காக ஒருவர் வேலையை ஒருவர் அருகிலிருந்து பார்த்துத் திருத்திப் பழகியவை. அந்தப் பழக்கத்தைத் தீப்பிடித்த நாளில் புதிதாக உண்டாக்கிவிட முடியாது.

திருப்பூரில் இன்று இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை நிர்வாகத்தில் இருக்கிறது. படித்தவர்கள், கணினித் திரையில் எல்லாப் பிரிவின் எண்களையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவர்கள். அது நல்லதுதான், பழைய முதலாளிகள் மனக்கணக்கில் வைத்திருந்தது பலமுறை தவறியும் இருக்கிறது. ஆனால் ஷிப்டுக்கு இத்தனை கிலோ என்று திரையில் தெரியும்போது, அந்தக் கிலோ எப்படி வந்தது என்பது திரையில் தெரிவதில்லை. நிர்வாகத்துக்கு வரும் பிள்ளைகளை ஆறு மாதமாவது சாயப்பட்டறையிலும் செக்கிங் டேபிளிலும் உட்கார வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அதுதான் சரியான வழி என்பேன்.

உப்பு எங்கே போனது?

இந்த ஊர் தன் வேலைகளைப் பற்றி வைத்திருந்த அறிவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. அதைக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும்.

பருத்திக்குச் சாயம் ஏற்றுவது எப்படி? தண்ணீரில் நனைந்த பருத்தி இழை லேசான எதிர் மின்னூட்டம் கொண்டிருக்கும். ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர் மின்னூட்டம்தான். அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் இழையை நெருங்கும். பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு போக வேண்டும்; சிலவற்றுக்கு 80 கிராம்கூட. கடல் தண்ணீரில் இருப்பது லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான். கடலைவிடக் கரிக்கும் தண்ணீரில்தான் ஒரு கறுப்பு பனியன் கறுப்பாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை இழைப் பக்கம் தள்ளிவிட்டு, அலசும்போது அவ்வளவும் வெளியே வந்துவிடுகிறது. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரில் இருக்கிறது. சாய மாஸ்டர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கம்பெனி முதலாளிகளுக்கும் தெரியும். ஆனால் பட்டறையின் பின்பக்கக் குழாயோடு தொழில் முடிந்துவிடுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அதற்கு அப்பால் ஓடியது நொய்யல் ஆறு.

பத்தாண்டு, இருபதாண்டு இப்படி ஓடியது. ஆற்றோரக் கிணறுகள் உப்பாயின. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நிலங்கள் கெட்டன. ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். மறுபக்கம், சாயப்பட்டறைகளுக்கே நல்ல தண்ணீர் இல்லை. உள்ளூர் நிலத்தடி நீரில் சாயம் சரியாக ஏறாது என்பதால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கினார்கள். பிறகு பவானிப் பக்கமிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரும் திட்டமும் வந்தது. தான் வெளியே தள்ளியது தன் கொள்முதல் செலவாகத் திரும்பி வந்துகொண்டிருந்ததை அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியின் கணக்கும் ஒரே தாளில் காட்டவில்லை.

முதல் தீர்வைத் தேடியபோதும் வேலையைப் புரிந்துகொள்ளாமலேயே தேடினார்கள். 1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் பிரித்தார்கள், கசடை வடித்தார்கள். வெளியேறிய தண்ணீரில் நிறம் பெருமளவு குறைந்தது. உப்பு அப்படியே இருந்தது, ஏனென்றால் கரைந்த உப்பை அந்த முறை எடுக்கவே எடுக்காது. கண்ணில் பட்டது நிறம், நிலத்தைக் கெடுத்தது உப்பு. இந்த வித்தியாசம் ஒரு சாய மாஸ்டரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

2011 ஜனவரி 28

ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடுக்கள் கடந்தன. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் நின்றன.

சாயப்பட்டறை நின்றதும் அதற்கு முன்னும் பின்னும் இருந்த எல்லாம் திணறின. நிட்டிங்கில் பின்னிய துணி போக இடமில்லை. காம்பாக்டிங்குக்கு வரத் துணி இல்லை. லூதியானா, அகமதாபாத் வரை துணியை அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். ஷேடு ஒரு லாட்டுக்கு ஒரு லாட் மாறியது, நாள் ஓடியது, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போய் லாபத்தைத் தின்றது. பீஸ் ரேட்டில் தைத்துக்கொண்டிருந்த டைலர்களுக்கு வாரக்கூலி கரைந்தது. எத்தனையோ குடும்பங்கள் சொந்த ஊர் திரும்பின. மொத்தச் சங்கிலியில் தன் பட்டறை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் அந்த மாதங்களில்தான் முழுசாகப் பார்த்தார்கள்.

மீட்சி வந்த வழிதான் இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டிப் பெரும்பகுதியை நல்ல தண்ணீராகத் திரும்பப் பெற முடிந்தது. மிஞ்சுகிற அடர்ந்த உப்புக் கரைசலை என்ன செய்வது? கொதிக்கவைத்து ஆவியாக்கினால் விறகும் மின்சாரமும் கட்டுப்படியாகாது. அப்போதுதான் வேலையின் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். சாயம் ஏற்ற உப்புக் கரைசல்தானே வேண்டும்? மிஞ்சுவதும் உப்புக் கரைசல்தானே? அதையே சுத்தப்படுத்திச் சாயத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் என்ன? அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இது செய்து காட்டப்பட்டது. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சோதனை ஓட்டத்தில் தேறிய நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இது நடக்க, சாயப்பட்டறைக்குள்ளும் பல மாற்றம் வேண்டியிருந்தது. எந்த உப்பு போடுவது என்பதைத் தனிப் பட்டறை தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாமல் போயிற்று. சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்து வந்தால் மீட்பது கஷ்டம். குறைந்த தண்ணீரில் சாயம் போடும் மெஷின்களுக்கு மாறுவது லாபமாயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு லிட்டரையும் சுத்தம் செய்ய இப்போது காசு. சாயக்கூலி ஏறியது. அந்த ஏற்றம் கடைசியில் பையரோடு விலை பேசும் மேஜை வரை போனது. சுத்திகரிப்பு நிலையத்தின் ஆப்பரேட்டருக்கும் ஏற்றுமதி மேனேஜருக்கும் அதுவரை பேசிக்கொள்ள ஒரு காரணமும் இருந்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மீட்க முடியாத கலவை உப்பும் கசடும் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கின்றன. திருட்டுத்தனமாகக் கழிவை விடும் பட்டறைகள் அவ்வப்போது பிடிபடுகின்றன. கெட்ட நிலங்களுக்கு நஷ்டஈடு போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்ற விவசாயிகளின் வேதனையும் நியாயமானது. அணைக்குக் கீழே நிலம் கெட்டவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையை வெற்றிக் கதையாக எழுதுவது தவறு.

சாயப்பட்டறையின் பின்பக்கக் குழாயைப் போலவே, தொழிலாளியின் வாழ்க்கையும் கணக்கில் வராமல் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். தங்க ஒழுங்கான இடமும் கையிருப்பும் இல்லாதவர்களால் ஒரு மாதம்கூட ஊரில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆர்டர் திரும்பியபோது ஆள் இல்லை. தொழிலாளி எங்கே தூங்குகிறார், பிள்ளை எங்கே படிக்கிறது என்பதும் தையல் பிரிவின் உற்பத்தித் திறனுக்குள் வரும் விஷயம்தான். விடுதி கட்டிய கம்பெனிகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

அடுத்த திருப்பம்

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அந்த விகிதம் பிறகு எங்கே போய் நின்றாலும், ஒரே சந்தையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பது திருப்பூருக்கு விளங்கிவிட்டது. உடனே எழுந்த குரல், ஐரோப்பாவுக்கு மாறுவோம், 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தான பிரிட்டனுக்கு மாறுவோம் என்பது. நல்ல யோசனைதான். ஆனால் சந்தை மாறினால் தரையில் என்ன மாறும் என்று பார்க்க வேண்டும். பொதுவாக அமெரிக்க ஆர்டர் என்றால் ஒரே ஸ்டைலில் பெரிய எண்ணிக்கை. ஐரோப்பிய ஆர்டர் பலவற்றில் ஸ்டைல் அதிகம், எண்ணிக்கை குறைவு. சாய லாட் சிறுக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் தொட்டியைக் கழுவ வேண்டும், அதனால் கழிவுநீர் கூடும். கட்டிங் டேபிளில் அடுக்கு குறையும். தையல் லைனை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றி அமைக்க வேண்டிவரும். கை பழகுவதற்குள் ஸ்டைல் முடிந்துவிடும், பீஸ் ரேட் டைலருக்குக் கூலி குறையும், நல்ல டைலர் வேறு கம்பெனி பார்ப்பார். மார்க்கெட்டிங் பிரிவு எடுக்கும் ஒரு முடிவு இத்தனை இடத்தில் போய் இறங்குகிறது.

பாலியஸ்டருக்கு மாறுவது பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். விளையாட்டு உடைகளுக்கு உலகம் முழுவதும் கிராக்கி இருக்கிறது. பாலியஸ்டருக்கு உப்பே வேண்டாம். அதற்கான சாயம் வேறு. அழுத்தம் தாங்கும் மெஷினில், சுமார் 130 டிகிரி வெப்பத்தில் ஏறுகிறது. உப்போடு போராடிய ஊருக்கு இது பெரிய விடுதலையாகத் தெரியும். அதே நேரத்தில் பாய்லருக்கு விறகு கூடும். வேகமாக ஓடும் தையல் ஊசி சூடேறி இழையை உருக்கும், எனவே ஊசியும் வேகமும் மாற வேண்டும். அயர்ன் டேபிளில் வெப்பம் குறைய வேண்டும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என்றால் இரண்டு முறை சாயம், பருத்திப் பங்குக்குப் பழையபடி உப்பு. அலசும் தண்ணீரில் உதிர்ந்து போகும் பிளாஸ்டிக் நுண்ணிழைகளை எங்கே பிடித்து நிறுத்துவது என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கேள்வியை இந்த முறை, நீதிமன்றம் கேட்பதற்கு முன்னால், பாலியஸ்டர் மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிடலாம். பதில் தெரிந்த சாய மாஸ்டரும் சுத்திகரிப்பு நிலைய ஆப்பரேட்டரும் ஊரிலேயே இருக்கிறார்கள்.